தாத்தாவின் மார்ட்டினி துப்பாக்கி: விற்பதா, வைத்திருப்பதா, பழையபடி ஆக்குவதா?

என் மாமனார் போன வருஷம் காலமானபோது, படுக்கையறைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியின் சாவியைத் தேடவே இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால், விபூதிச் சம்புடத்துக்குள் கிடைத்தது. பெட்டிக்குள் இரண்டே பொருள்: பழைய பச்சை அடையாளப் புத்தகம் ஒன்று, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று. புத்தகத்தில் உரிமம் பதிவாகியிருந்தது. 12 போர் (குழல் துளையின் அளவு) ஷாட்கன், ஓர் எண். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கூடத்தில் மூன்று கதைகள் பிறந்துவிட்டன. மனைவியின் தாத்தா உம்சிண்டோ பக்கம் ஒரு கரும்பு எஸ்டேட்டில் சர்தார், அதாவது கங்காணி. அவர் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்றார் ஒரு பெரியப்பா. இல்லை, இது 1879-இல் இசாண்டில்வானாப் போரில் ஜூலுக்கள் வெள்ளைக்காரனிடம் பிடுங்கியது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். என் மச்சான் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அத்தான், இது ட்ரெஞ்ச் கன். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறான்" என்றான்.

மூன்றும் தப்பு. ஆனால் எது எப்படித் தப்பு என்று தெரிந்துகொண்ட பிறகுதான், அதை என்ன செய்யலாம் என்று பேசவே முடிந்தது. இதே மாதிரி ஒரு துப்பாக்கி உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம். நாங்கள் பார்த்த வழிகளை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். உரிமம் ஆளுக்குத்தான், ஆள் போனால் அதுவும் போய்விடும். மகன் என்பதற்காக எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்க வேண்டும், அல்லது விற்க வேண்டும், அல்லது செயலிழக்கச் செய்ய வேண்டும், அல்லது போலீசில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அது சொத்து நிர்வாகியின் பொறுப்பு. நாங்கள் மாஸ்டர் அலுவலகக் கடிதம் (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகம் அது) கைக்கு வந்ததும் காவல் நிலையத்துத் துப்பாக்கி அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஒரு துப்பாக்கி டீலரின் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டோம். மாதாமாதம் வாடகை. யோசிக்கும் காலத்துக்கு நாம் கொடுக்கும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன துப்பாக்கி?

டீலர் கடையின் மேசையில், என் போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தோம். சாய்த்துப் பிடிப்பது முக்கியம். நேராக அடித்தால் தேய்ந்த முத்திரை கண்ணில் படாது. வலப்பக்கத்து இரும்பில் கிரீடம், அதன் கீழே வி.ஆர். என்ற விக்டோரியா ராணியின் எழுத்துகள், என்ஃபீல்ட், 1878, ரோமன் இரண்டு. இது மார்ட்டினி ஹென்றி ரைஃபிளின் இரண்டாம் மாதிரி. 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட, அடியில் உள்ள நெம்புகோலை இறக்கினால் பின்புறம் திறந்துகொள்ளும் துப்பாக்கி. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் 1879-ஐப் பற்றிப் பேசும் யாருக்கும் இதன் உருவம் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. 1879 ஜனவரி 22 இசாண்டில்வானாப் போர்; இது அதற்கு முந்தைய வருஷத்து வேலை. ஆனால் கொஞ்சம் தள்ளி இன்னொரு குறி: இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நிற்கும். ஒற்றை அம்பு என்றால் பிரிட்டிஷ் அரசின் சொத்து. இரண்டு அம்பு முட்டினால், 'எங்கள் கணக்கிலிருந்து தள்ளி விற்றாயிற்று' என்று அரசே போட்ட முத்திரை. போர்க்களத்தில் பறிபோன துப்பாக்கிக்கு யார் உட்கார்ந்து அந்த முத்திரை குத்துவார்கள்? இது கிடங்கிலிருந்து ஒழுங்காக ஏலம் போன சரக்கு. நேட்டாலில் எந்த மார்ட்டினியைக் காட்டினாலும் இசாண்டில்வானா என்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் அன்று களத்தில் நின்றவர்களைவிடத் துப்பாக்கி அதிகமாகிவிடும்.

அப்புறம் குழல். மார்ட்டினி ஹென்றியின் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகள் இருக்கும். இதிலோ உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பு. பழைய குழலை எடுத்துவிட்டு 12 போர் ஷாட்கன் குழலை மாட்டியிருக்கிறார்கள். முன்கட்டையைக் கழற்றியதும் குழலின் அடியில் பர்மிங்ஹாம் சோதனைக்கூடத்து முத்திரைகள் வரிசையாகத் தெரிந்தன. கிரீடத்தின் கீழே என்.பி. என்ற எழுத்துகள்: புகையில்லா மருந்துக்குச் சோதித்தது, 1904-க்குப் பிந்தைய முறை. தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம் என்று குத்தியிருக்கிறது. அது 1925 விதிகளில் வந்த வழக்கம். 1954 முதல் அழுத்தத்தை டன் கணக்கில் குத்துவார்கள். அது இதில் இல்லை. ஆக, இந்தக் குழல் ஷாட்கனாகச் சோதிக்கப்பட்டது 1925-க்கும் 1954-க்கும் நடுவே. படையில் கழித்துவிட்ட மார்ட்டினிகளை மொத்தமாக வாங்கி, விவசாயிகளுக்கு மலிவான ஷாட்கனாக மாற்றி விற்பது பர்மிங்ஹாம் பட்டறைகளுக்கு நல்ல வியாபாரமாக இருந்தது.

பெரியப்பாவின் போர்க் கதையும் இங்கேதான் ஆட்டம் காண்கிறது. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அந்தப் போருக்குப் போனது உண்மை, இந்தியன் அண்ட் மலாய் கோர் என்ற பிரிவில். ஆனால் ஓட்டுநர், சமையல்காரர், காயம்பட்டவர்களைத் தூக்குபவர் என்றுதான் சேர்த்தார்கள்; கறுப்பர், இந்தியர் கையில் துப்பாக்கி கொடுக்கக் கூடாது என்பது அரசின் கொள்கை. தாத்தா வடக்கே லாரி ஓட்டியிருக்கலாம். ஒரு காக்கை விரட்டும் ஷாட்கனை அங்கிருந்து கப்பலில் தூக்கி வந்தார் என்பதை நான் நம்பத் தயாரில்லை.

மச்சானின் ட்ரெஞ்ச் கன் விவகாரம் சுருக்கமானது. அவன் பார்த்தது வின்செஸ்டர் 1897. முதல் உலகப் போரில் அமெரிக்கர்கள் பதுங்குகுழிக்குள் பயன்படுத்தியது. 1918 செப்டம்பரில் ஜெர்மனி அதை எதிர்த்து முறையாகக் கண்டனமே அனுப்பியது. குழலின் மேலே துளை போட்ட வெப்பத் தகடு, துப்பாக்கிக் கத்தி மாட்டும் கொக்கி, கீழே முன்னும் பின்னும் இழுக்கும் பிடி இருக்கும். எங்களுடையதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் ஒரு பாடம் உண்டு. அந்த வகையில் யாராவது குழலை வெட்டினாலோ, புதிதாக நீலம் ஏற்றினாலோ, வெப்பத் தகட்டைப் பிறகு மாட்டினாலோ விலை சரிந்துவிடும். அங்கே மாற்றம் என்பது கெடுதல். மார்ட்டினி ஷாட்கனில் கதை தலைகீழ். மாற்றியதால்தான் அது அதுவாக இருக்கிறது.

மாற்றத்துக்குள் ஒரு மாற்றம்

குழல் முனையில் டீலர் விரலை வைத்தார். "அங்கிள், இது பட்டறையில் வெட்டியது இல்லை." பார்த்தால் முனை கொஞ்சம் கோணலாக இருக்கிறது; அரத்தால் தேய்த்துச் சமன் செய்த கோடுகள் இன்னும் தெரிகின்றன. குறி பார்க்கும் மணி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பித்தளை ஆணியின் தலையை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருக்கிறது.

அத்தையிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "வாயில சேறு அடைச்சிருந்தது பார்க்காம மாமா சுட்டாரு. குழல் முனை பலூன் மாதிரி ஊதிடுச்சு. அடுத்த நாள் ரம்பம் எடுத்து அறுத்தாரு. அந்தப் பித்தளை என் மாமியாரோட குத்துவிளக்கு ஆணி." மாமா என்று அவர் சொல்வது தாத்தாவை, அதாவது தன் மாமனாரை. கல்யாணமாகி வந்த புதிதில் நடந்ததாம்.

கதை அருமை. சட்டத்துக்கு அருமை இல்லை. சட்டத்தின் 4-ஆம் பிரிவு தடை செய்யும் துப்பாக்கிகளில், துப்பாக்கிப் பதிவாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் குழல் துளையின் அளவை மாற்றியது, குழல் நீளத்தை மாற்றியது, எண்ணை மாற்றியது அல்லது அழித்தது எல்லாம் அடங்கும். தாத்தா ரம்பம் எடுத்த காலத்தில் இந்தச் சட்டம் பிறக்கவே இல்லை. அப்புறம் மாமனாருக்கு அரசே உரிமமும் கொடுத்திருக்கிறது. ஆனாலும் இன்று புதிதாக விண்ணப்பிக்கும்போது யாராவது கேள்வி கேட்டால் பதில் கையில் இருக்க வேண்டும். அதனால் டீலரிடம் குழலின் இப்போதைய நீளம், முனையின் நிலை, துருவின் பழமை எல்லாவற்றையும் படத்தோடு எழுதி வாங்கினோம். அத்தையிடம் உறுதிமொழி வாக்குமூலம் ஒன்றும் வாங்கினோம். அடுத்து என்ன செய்வதாக இருந்தாலும் இந்த இரண்டு தாளும் முன்னால் போக வேண்டும்.

எண்ணிலும் ஒரு சிக்கல். பிரிட்டிஷ் படை மார்ட்டினிகளில் இன்றைய பொருளில் தொடர் எண் கிடையாது. கட்டையில் இருப்பது பிரிவுக்குள் போட்ட வரிசை எண். உரிமத்துக்காக இங்கே பின்னால் ஓர் எண் குத்தியிருக்கிறார்கள். அதில் ஓர் இலக்கம் புத்தகத்தில் 3, இரும்பில் 8 மாதிரித் தெரிகிறது. இதைச் சரிபார்க்காமல் விண்ணப்பம் போட்டிருந்தால் பிரிட்டோரியாவில் இருக்கும் துப்பாக்கிப் பதிவகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்திருக்கும். உங்கள் வீட்டுத் துப்பாக்கியில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வருஷமும் கிரீடமும் அப்புறம்.

பழையபடி ரைஃபிளாக ஆக்குவது

மச்சானுக்கு இதுதான் ஆசை. மார்ட்டினி ஹென்றிக் குழலும் நீளக் கட்டையும் வெளிநாட்டில் கிடைக்கின்றன. நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கு 2003 வாக்கில் மொத்தமாக அமெரிக்க வியாபாரிகளுக்குப் போனதிலிருந்து பாகங்களுக்குப் பஞ்சமில்லை. நெம்புகோல் உள்ள இரும்பு உடல் 1878, குழல் வேறொன்றினுடையது, கட்டை இன்னொன்றினுடையது என்று சேர்த்தால் பார்க்க ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையைக் காட்டும் சினிமாவில் வருவது போலவே இருக்கும்.

ஆனால் சேகரிப்பவர்கள் ஏமாற மாட்டார்கள். அதே கிடங்கினால் முழுசான மார்ட்டினியே முன்பு போல அரிது இல்லை. ஒட்டுப்போட்டதை யார் வாங்குவார்? செலவு வரவைத் தாண்டும். அதோடு 12 போரிலிருந்து ரைஃபிள் அளவுக்கு மாற்றப் பதிவாளர் அனுமதி வேண்டும், இறக்குமதிக்குத் தனி அனுமதி வேண்டும். இத்தனை கஷ்டப்பட்டு, குத்துவிளக்கு ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ரைஃபிளைச் செய்துகொள்ள வேண்டும். இந்த வழியை நான் முதல் நாளே அடித்துவிட்டேன். மச்சான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உரிமம் வாங்கி வைத்துக்கொள்வது

பாதுகாப்புக்காக என்று 13-ஆம் பிரிவில் விண்ணப்பிக்கலாமே என்றார்கள். டர்பனில் இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்காரும் எவருக்கும் அந்த எண்ணம் வரும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் துப்பாக்கியை வைத்து அல்ல. இதன் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்று கடையில் கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் இரண்டே முக்கால். உள்ளே போகும், ஆனால் வெடிக்கும்போது உறையின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே ஒரு தரம் ஊதிப்போன குழல். யாரைக் காக்க இதை நீட்டுகிறோமோ அவர் பக்கத்தில் நிற்கவே கூடாது.

15-ஆம் பிரிவு எப்போதாவது வேட்டைக்கும் போட்டிக்கும் போகிறவர்களுக்கு. மச்சான் போகும் ஒரே வேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நண்டு வேட்டை.

மிஞ்சுவது 17-ஆம் பிரிவு, தனியார் சேகரிப்பு. துப்பாக்கிக்கு மரியாதையான இடம் அதுதான். அதற்கு அங்கீகாரம் பெற்ற சேகரிப்போர் சங்கத்தில் சேர வேண்டும், எதைச் சேகரிக்கிறோம், ஏன் என்று ஒரு பொருள் சொல்ல வேண்டும், சங்கம் பரிந்துரைக்க வேண்டும். அதற்கும் முன்னால் பயிற்சி, தகுதிச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட பெட்டி. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் இந்தியர் கைக்கு வந்த துப்பாக்கிகள் என்று ஒருவர் சேகரிக்க ஆரம்பித்தால் நான் கை தட்டுவேன். நல்ல தலைப்பு, யாரும் தொடாத தலைப்பு. ஆனால் ஒற்றைத் துப்பாக்கிக்காகச் சேகரிப்பாளர் ஆவது, ஒரு மாங்காய்க்காகத் தோப்பு வாங்குவது மாதிரி.

கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கிக்கு விலக்கு உண்டே என்று சிலர் சொல்வார்கள். வாய் வழியாக மருந்து இடிக்கும் வகைக்குத் தகுதிச் சான்றிதழ் போதும் என்பது சரிதான். மார்ட்டினி பின்புறம் தோட்டா போடுவது. எவ்வளவு பழசானாலும் அந்தச் சலுகை இதற்கு இல்லை.

செயலிழக்கச் செய்து மாட்டுவது

குழலை அடைத்து, உள்ளே வெல்டிங் வைத்து, சுடவே முடியாதபடி ஆக்கி, துப்பாக்கிப் பட்டறைக்காரர் சான்றிதழ் கொடுத்துவிட்டால் தாத்தா படத்துக்குக் கீழே மாட்டிக்கொள்ளலாம். என் மனைவிக்கு முதலில் இதுதான் பிடித்திருந்தது. செலவும் குறைவு, தலைவலியும் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் திரும்பி வர முடியாத வழி இது. சேகரிப்பு மதிப்பு ஏறக்குறைய அன்றோடு முடிந்தது. உள்ளே இருக்கும் முத்திரைகளும் இயந்திரமும் நெருப்புக்குப் போய்விடும். அவசரத்தில் எடுக்கக் கூடாத முடிவு.

காட்சியகத்துக்குக் கொடுப்பது நல்ல எண்ணம்தான். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் ராணுவ வரலாற்றுக் காட்சியகத்துக்கு 1878 மார்ட்டினி ஒன்றும் புதிது இல்லை. நம்முடையது கிடங்கில் ஓர் எண்ணாகத் தூங்கும். டர்பனின் 1860 பாரம்பரிய மையத்துக்கு நம் கதை பொருந்தும். 1860 நவம்பர் 16-இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து இறங்கியதிலிருந்து தொடங்கும் கதை அல்லவா அது. ஆனால் அங்கே பொருளைவிடத் தாள்தான் பேசும். தாத்தாவின் படம், எஸ்டேட் சம்பளச் சீட்டு, அத்தையின் வாக்குமூலம். அவற்றின் நகலை எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம்.

போலீசில் ஒப்படைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 டிசம்பரிலும் 2020 ஆகஸ்டிலும் தொடங்கிய மன்னிப்புக் காலங்களில் எத்தனையோ குடும்பங்கள் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தன. உரிமமே இல்லாத துப்பாக்கி என்றால் அது புத்திசாலித்தனம். உரிமமும் வரலாறும் உள்ளதை உருக்கும் உலைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

விற்பது

என் ஓட்டு இதற்குத்தான். எதையும் தொடாமல், துருவைக்கூடச் சுரண்டாமல், மெருகேற்றாமல், அப்படியே விற்பது. (மச்சான் ஒரு நாள் பித்தளை மெருகுப் பசையோடு கிளம்பினான், நல்லவேளை, டீலர் உள்ளே விடவில்லை.) ஏலத்தில் போட்டால் அது 'மார்ட்டினி, மாற்றப்பட்டது, குழல் வெட்டப்பட்டது' என்று ஒரு வரி, முழுசான ராணுவ ரைஃபிளின் விலையில் சிறு பங்குகூடத் தேறாது. டீலர் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்ன தொகையும் வாடகை பாக்கியைக் கழித்தால் ஒரு நல்ல பிரியாணி விருந்துக்குத்தான் காணும். மார்ட்டினி மட்டுமே சேகரிக்கும் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் மூன்றாவது வழி. நேரம் ஆகும், ஆனால் அவருக்குத்தான் எதைப் பார்க்கிறோம் என்று தெரியும்.

சங்கம் மூலம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். கிரீடத்தையும் 1878-ஐயும் பார்த்துத் தலையாட்டினார். அதில் அவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. முட்டும் அம்புகளைப் பார்த்துச் சிரித்தார். குழலைத் திருப்பி முனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பித்தளை ஆணியின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். "இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். சேறு, ரம்பம், குத்துவிளக்கு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பர்மிங்ஹாமில் மாற்றிய மார்ட்டினி தன்னிடம் ஒன்பது இருக்கிறது, தோட்டத்தில் மாற்றியது, அதுவும் செய்தவர் பெயரோடு, ஒன்றுகூட இல்லை என்றார். டீலர் சொன்னதைவிட நல்ல விலை சொன்னார். ஒரு நிபந்தனை: கதையை எழுதி, சொன்னவர் கையெழுத்தோடு தர வேண்டும்.

அத்தை அந்த வார இறுதியில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்து, சாய்ந்து சாய்ந்து, ஒரு பக்கம் முழுக்க. நான் கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்தேன். கையெழுத்துப் போடுமுன், ஆணி இல்லாத அந்தக் குத்துவிளக்கு இன்னும் பரணில்தான் இருக்கிறது, அதையும் அவருக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் அத்தை, படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்றேன்.

பெரியவர் தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். 3-ஆ 8-ஆ என்ற கேள்விக்கு டீலரின் கடிதமும் கூடவே போயிருக்கிறது. உரிமம் வரும்வரை மார்ட்டினி டீலர் அறையில்தான். வாடகையில் பாதியை அவர் கொடுக்கிறார், மீதியை மச்சான்.